முதல் சுற்றிலேயே நன்றி

மோரோன்,
மே 2, 2006

அன்புத் தம்பி ரென்சோவுக்கு அக்கா டெல்மிரா எழுதுவது.

நான் நலம். நீ நலமா என்று கேட்கத்தான் வேண்டும். ஆனால் உன்மேல் கோபமாக இருப்பதால் அந்தக் கேள்வியைக் கடிதத்தின் கடைசிக்குத் தள்ளி வைக்கிறேன். "தம்பி" என்று படித்ததுமே நீ முகத்தைச் சுளிப்பாய் என்று தெரியும். வெறும் இருபது நிமிஷம் முன்னாடி பொறந்துட்டு என்னா அலட்டு அலட்டுறே என்று நீ சொல்வதை ஐம்பத்தேழு வருடமாகக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். இரட்டைப் பிள்ளைகளிலும் மூத்தது மூத்ததுதான்.

இங்கே இலையுதிர்காலம் வந்துவிட்டது. தெரு முழுவதும் மஞ்சள் இலை. என் சமையலறை ஜன்னலுக்கு மேலே ஓர்னேரோக் குருவிகள் இரண்டு மண்ணைக் குழைத்துக் கூடு கட்டுகின்றன. ஒன்று மண் கொண்டுவந்தால் இன்னொன்று அதைத் திட்டுகிறது. பார்க்கும்போதெல்லாம் நம் ஞாபகம் வருகிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். புனித வெள்ளியன்று எட்டு மணி நேரம் பேருந்தில் இடுப்பு ஒடிய உட்கார்ந்து உன்னைப் பார்க்க வந்தேன். மடியில் ரோஸ்கா ரொட்டி நசுங்காமல் வைத்துக்கொண்டு வந்தேன். நீ என்ன செய்தாய்? கன்னத்தில் ஒரு முத்தம்கூடக் கொடுக்கவில்லை. கதவைத் திறந்து போட்டு, கதவோரமாக நாற்காலியை இழுத்துப் போட்டு, காற்றைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாய். உள்ளே வந்து உட்காரேன் என்றால் இங்கயே நல்லாருக்கு என்றாய். சரி, கல்லுளிமங்கனுக்குப் பேச்சு வராது, மாத்தே இலை போட்டு வெந்நீர் ஊற்றினால் வாய் திறப்பான் என்று அம்மாவின் சுரைக்குவளையை எடுத்தேன். உனக்குப் பிடிக்குமே என்று ஆரஞ்சுத் தோல் கிள்ளிப் போட்டேன். கசப்பான முதல் ஊற்றை நானே குடித்துவிட்டு அடுத்ததை உன்னிடம் நீட்டினேன்.

நீ வாங்கினாய். எல்லாரும் மாறி மாறி உறிஞ்சும் அந்தக் குழாயைப் பார்த்தாய். வாயில் வைக்கவே இல்லை. "நன்றி" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டாய்.

முதல் சுற்றிலேயே நன்றி! ரென்சோ, நீ என்ன வெளிநாட்டுக்காரனா? அவர்கள்தான் மரியாதை என்று நினைத்து ஒவ்வொரு குவளைக்கும் நன்றி சொல்லிவிட்டு, அடுத்த சுற்றில் தங்களை ஏன் தாண்டிப் போகிறார்கள் என்று விழிப்பார்கள். குடித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் குவளையைத் திருப்பிக் கொடுத்தால் இன்னொன்று வேண்டும் என்று பொருள். நன்றி சொன்னால் போதும், இனி என் பக்கம் நீட்டாதே என்று பொருள். நம் வீட்டில் பல் முளைக்கும் முன்பே இதைக் கற்றுக்கொண்டோம். எதிர்வீட்டு இல்டாவும் அங்கேதான் இருந்தாள். நீ எழுந்து போனதும் என்னைப் பார்த்து, என்னடி இது, உன்கூடப் பொறந்தவன் உன்னைக் கூட்டத்துலேர்ந்தே தள்ளி வச்சுட்டானே என்றாள். எனக்கு முகம் எரிந்தது. அன்றைக்கு நீ வீட்டுக்குள் படுக்காமல் உன் பழைய வண்டியிலேயே போர்வையைச் சுற்றிக்கொண்டு படுத்தாய். நான் மறுநாள் காலையிலேயே கிளம்பிவிட்டேன்.

காரணம் எனக்குத் தெரியாமல் இல்லை. பிப்ரவரியில் நான் போனில் சொன்னதுதானே? உன் மாடுகளுக்கு வாலடியில் ஊசி போட்டு, மூன்று நாள் கழித்து வீக்கம் இருக்கிறதா என்று தடவிப் பார்க்கச் சொன்னேன். காசநோய் இருந்தால் தெரிந்துவிடும் என்றேன். நீ, என் மாடுங்க ஒண்ணும் உன் ஆய்வுக்கூடத்து எலிங்க இல்ல, கறக்குற எனக்குத் தெரியாததா உன் ஊசிக்குத் தெரியப்போகுது என்று போனை வைத்துவிட்டாய். அந்த வீராப்பை ஈஸ்டர் வரைக்கும் அடைகாத்து வைத்திருந்து என் குவளையில் கொட்டினாய். நன்றாக இருக்கிறதா உனக்கே?

எழுதியதில் கொஞ்சம் கோபம் குறைந்திருக்கிறது. இப்போது நல்ல சேதி. என் வேலையில் ஒரு விநோதம் நடந்திருக்கிறது.

நான் மாட்டுக் காசநோய்க் கிருமியை வளர்க்கிறவள் என்று உனக்குத் தெரியும். எப்படி வளர்க்கிறேன் என்று நீ ஒருநாளும் கேட்டதில்லை. முப்பத்தேழு டிகிரியில் ஓர் அறை இருக்கிறது. அதற்குள் போனால் வெளியே மழையா வெயிலா என்று மறந்துபோகும். தட்டுகளை அடுக்கி வைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். மற்றக் கிருமிகள் ஒரே நாளில் தட்டை மூடிவிடும். இது ஆறு வாரம், எட்டு வாரம் எடுத்துக்கொள்ளும். ஒருநாள் தட்டைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தால் தூசி மாதிரி ஒரு புள்ளி இருக்கும். நம் உடம்புச் சூடும் மாட்டின் உடம்புச் சூடும் அந்த அறைச் சூடும் ஏறக்குறைய ஒன்றுதான். சில சமயம் அங்கே நிற்கும்போது யாருடைய வயிற்றுக்குள்ளோ நிற்பது போல இருக்கும். நீயும் நானும் அம்மாவின் வயிற்றில் இந்தச் சூட்டில்தானே கிடந்தோம் என்று தோன்றும். இதை ஃபெர்மினிடம் சொன்னேன். எங்கள் கண்ணாடிச் சாமான்களைக் கழுவுகிறாரே, அவர்தான். அதனாலதான் ரெண்டு பேரும் இன்னும் சண்டை போட்டுக்கிட்டிருக்கீங்க, இடம் பத்தலை போல என்றார்.

எங்கள் தலைவர் டாக்டர் சுலேமா மூன்று வருடமாக ஒரு காரியத்துக்கு மெனக்கெட்டார். இந்தக் கிருமிக்கு நாலாயிரம் மரபணுக்கள் இருக்கின்றன. எல்லாம் ஒரே நேரத்தில் வேலை செய்வதில்லை. உன் பண்ணையில் எல்லா விளக்கையும் எப்போதும் எரியவிடுவாயா? எதை எப்போது ஏற்ற வேண்டும், எதை அணைக்க வேண்டும் என்று சொல்வதற்குச் சில மேஸ்திரி மரபணுக்கள் இருக்கின்றன. மாட்டின் உடம்பில் ஒரு காவல் செல் இந்தக் கிருமியை விழுங்குகிறது என்று வைத்துக்கொள். உள்ளே ஒரே புளிப்பு. உடனே மேஸ்திரிக்குச் சேதி போகிறது. அவன் கட்டளை போடுகிறான். கிருமி தன்மேல் கொழுப்பால் ஒரு மேலங்கி நெய்து போர்த்திக்கொண்டு, விழுங்கியவனுக்குள்ளேயே குடித்தனம் நடத்த ஆரம்பிக்கிறது. டாக்டர் அந்த ஒரு மேஸ்திரியை மட்டும் வெட்டி எடுத்துவிட்டார். மற்றது எல்லாம் அப்படியே இருக்கிறது. தட்டில் வளர்கிறது, தின்கிறது. ஆனால் எலிகளை அதனால் ஒன்றும் செய்ய முடியவில்லை. அவை பாட்டுக்கு ஓடி விளையாடுகின்றன. டாக்டர் என் தோளைப் பிடித்துக்கொண்டு, கத்தி எல்லார் வீட்டு அடுப்படியிலயும்தான் இருக்கு டெல்மிரா, அதை எடுடான்னு சொல்ற ஆள் இல்லேன்னா அது வெங்காயம்தான் நறுக்கும் என்றார். நான் அந்தத் தட்டை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அதே கிருமி, ஆனால் சாது.

இப்படி ஒரு சந்தோஷம் வந்ததும் யாரிடம் சொல்லத் தோன்றியது தெரியுமா? உன்னிடம்தான். அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம். கோலோந்திரினா கன்று போட்டதா? உன் செல்லப் பசுவைப் பற்றியாவது ஒரு வரி எழுது.

தள்ளி வைத்த கேள்வியை இப்போது கேட்கிறேன். நலமா?

உன் இருபது நிமிட அக்கா,
டெல்மிரா


மோரோன்,
ஜூன் 27, 2006

ரென்சோ,

இந்தக் கடிதம் தபாலில் வரவில்லை. பேருந்து ஓட்டுநரிடம் கொடுத்தனுப்புகிறேன். காலையில் இல்டா நிலையத்துக்குப் போய் வாங்கி உன் கையில் கொடுப்பாள். நானே வந்திருப்பேன். ஆனால் என்னைப் பார்த்தால் நீ கொட்டகையின் பின்வழியாக வயலுக்குள் இறங்கிப் போய்விடுவாய். கடிதத்தைப் பார்த்து ஓட முடியாது. உட்கார்ந்து முழுவதும் படி.

போன வாரம் உங்கள் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றிலிருந்து எங்களுக்கு ஒரு குழாய் வந்தது. ஒரு மனிதரின் சளியில் வளர்ந்த கிருமி. அது மனிதக் காசநோய் இல்லை, மாட்டினுடையது போலிருக்கிறது, உறுதி செய்து சொல்லுங்கள் என்று கேட்டிருந்தார்கள். இப்படி வருடத்துக்குப் பத்துப் பன்னிரண்டு வரும். பால் கறப்பவர்கள், மாட்டுத்தொட்டியில் அறுப்பவர்கள். பெயர் இருக்காது, எண் மட்டும்தான் இருக்கும். நான் வழக்கம்போல் எங்கள் பதிவேட்டில் எழுத ஆரம்பித்தேன். ஆண். தொழில், பால் கறப்பவர். பிறந்த தேதி, ஜனவரி 6, 1949.

முதலில் சிரித்தேன் ரென்சோ. தேதி கேட்கிற இடத்தில் கைப்பழக்கத்தில் என் பிறந்த நாளையே எழுதிவிட்டேன் என்று நினைத்தேன். அழித்துவிட்டு மறுபடி அவர்களுடைய தாளைப் பார்த்தேன். ஜனவரி 6, 1949. மூன்றாவது தடவை விரலை வைத்துப் படித்தேன். தாளின் கீழே யாரோ பென்சிலால் எழுதியிருந்தார்கள். மார்ச் மாதம் மாதிரி கொடுத்தார், முடிவை வாங்க வரவில்லை.

மார்ச் மாதம். அதாவது ஈஸ்டருக்கு முன்னால்.

நான் எழுந்து அந்தச் சூடான அறைக்குள் போய் நின்றுகொண்டேன். அங்கேதான் ஒவ்வொன்றாகப் புரிந்தது. நீ ஏன் கதவைத் திறந்து போட்டாய் என்று புரிந்தது. ஏன் காற்று வீசும் பக்கம் முகத்தைத் திருப்பி உட்கார்ந்தாய், ஏன் முத்தம் தரவில்லை, ஏன் அந்தக் குளிரில் வண்டியில் போய்ப் படுத்தாய் என்றெல்லாம் புரிந்தது. வண்டிக்குள்ளிருந்து இருமல் சத்தம் கேட்டது. சிகரெட் என்று நினைத்தேன். குவளையைக் கையில் வாங்கி, குழாயைப் பார்த்து, வாயில் வைக்காமல் நன்றி என்றாயே. நீ என்னைக் கூட்டத்திலிருந்து தள்ளி வைக்கவில்லை. உன்னைத் தள்ளி வைத்துக்கொண்டாய். அதைப் புரிந்துகொள்ளாமல் நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பேருந்து ஏறினேன். போதாததற்கு மேயில் அப்படி ஒரு கடிதமும் எழுதினேன். அதை அடுப்பில் போட்டுவிடு. என்னை மன்னித்துவிடு.

இருபத்தாறு வருடமாக இந்தக் கிருமியோடு வாழ்கிறவள் நான். முகமூடி, கையுறை, இரட்டைக் கதவு எல்லாம் போட்டுக்கொண்டு இதைப் பார்த்துக்கொள்கிறேன். எனக்கு எதிரில் உட்கார்ந்திருந்தபோது அடையாளம் தெரியவில்லை. வெட்கமாக இருக்கிறது. நீயும் ஒரு முட்டாள்தான். இது குழாயில் ஒட்டிக்கொண்டு வருவதில்லை, காற்றில்தான் வரும். ஒரு வாய் மாத்தே குடித்திருந்தால் எனக்கு ஒன்றும் ஆகியிருக்காது. ஆனால் கதவைத் திறந்து வைத்தாயே, அது சரியான காரியம். யார் சொல்லிக் கொடுத்தது உனக்கு?

டாக்டர் சுலேமாவிடம் போய் நின்றேன். தாளைக் காட்டினேன். அவருக்கு என் பிறந்த நாள் தெரியும், வருடா வருடம் கேக் அவர்தான் வாங்கி வருவார். தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு, இந்தத் தாளை நானும் பாக்கலை, நீயும் பாக்கலை என்றார். அப்புறம் பேனாவை என் பக்கம் தள்ளி, ஆனா ஒரு அக்கா தம்பிக்குக் கடுதாசி எழுதறதை எந்தச் சட்டமும் தடுக்காது, சீக்கிரம் எழுது என்றார். இரண்டு நாள் உனக்குப் போன் செய்தேன். நீ எடுக்கவில்லை. இல்டாவைக் கூப்பிட்டேன். இளைச்சு ஈர்க்குச்சி மாதிரி ஆயிட்டான்டி, சட்டை தனியா நடந்து போகுது, கேட்டா வேலை ஜாஸ்திங்கறான் என்றாள்.

உன் பயம் எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரிக்குப் போனால் மாட்டு வைத்தியர் வருவார். அறுபது மாட்டுக்கும் வாலடியில் ஊசி விழும். வீங்கியதையெல்லாம் வண்டியில் ஏற்றுவார்கள். கோலோந்திரினாவும் அந்த வரிசையில் நிற்கும். நீ உன்னைக் காப்பாற்றிக்கொள்ளாமல் இருப்பது மாடுகளைக் காப்பாற்றத்தான். எனக்கு உன் புத்தி தெரியாதா? ஆனால் யோசித்துப் பார். நோய் உள்ள மாட்டுக்குப் பக்கத்தில் நல்ல மாடும் நிற்கிறது. கன்று அதன் பாலைக் குடிக்கிறது. நீ பேசாமல் இருந்தால் எதையும் காப்பாற்ற மாட்டாய். எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு நீயும் போவாய்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இது உனக்குப் போன வருடம் வந்ததாக இல்லாமலும் இருக்கலாம். சின்ன வயதில் கொட்டகையில் ஆளுக்கொரு தம்ளரோடு நின்று, கறந்த பாலை நுரையோடு குடித்து, மேலுதட்டில் வெள்ளை மீசையைக் காட்டிச் சிரிப்போமே. காய்ச்சாத பால். ஒவ்வொரு வருடமும் ஆய்வுக்கூடத்தில் எங்கள் கையிலும் ஊசி போட்டுப் பார்ப்பார்கள். எனக்கு எப்போதும் வீங்கும். முதல் வருடமே வீங்கியது, நான் அந்த அறைக்குள் காலடி வைப்பதற்கு முன்பே. என்னிடமும் அது இருக்கிறது ரென்சோ. தூங்குகிறது, அவ்வளவுதான். உன் சர்க்கரை வியாதியால் உடம்பு தளர்ந்ததும் உனக்குள்ளே இருந்தது எழுந்துவிட்டது போலிருக்கிறது. டாக்டர் சொல்வதுபோல், தூங்குகிற கிருமிக்கும் எழுந்த கிருமிக்கும் மரபணுவில் ஓர் எழுத்துகூட மாறுவதில்லை, எந்த விளக்கு எரிகிறது என்பதில்தான் வித்தியாசம். அதுவும் ஓர் இரட்டைப் பிள்ளைக் கதைதான் என்று நினைத்துக்கொண்டேன். சிரிப்பு வரவில்லை.

விடியற்காலையில் ஒரு கனவு கண்டேன். உன் மாடுகள் எல்லாம் பனிமூட்டத்தில் படுத்திருக்கின்றன. ஒவ்வொன்றின் விலாவுக்குள்ளும் சின்னச் சின்ன ஜன்னல்கள், அவற்றில் வெளிச்சம். நீ நடுவில் நடந்து போய் ஒவ்வொரு விளக்காக ஊதி அணைக்கிறாய். உன் நெஞ்சில் ஒரு விளக்கு எரிவது உனக்குத் தெரியவில்லை. நான் கூப்பிடுகிறேன், எனக்குக் குரல் வரவில்லை. விழித்ததும் இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்துவிட்டேன்.

திங்கட்கிழமை ஜூலை 3. அன்று காலை இல்டாவின் கணவர் வண்டியை எடுத்துக்கொண்டு உன் வாசலில் நிற்பார். ஏறிக்கொள். ஆஸ்பத்திரியில் ஒரு விஷயத்தை மறக்காமல் சொல். இது மாட்டுக் கிருமி. வழக்கமாகக் கொடுக்கும் நாலு மாத்திரைகளில் ஒன்று இதனிடம் பலிக்காது. அதனால் ஆறு மாதம் போதாது, ஒன்பது மாதம் சாப்பிட வேண்டும். முடிவுத் தாளிலும் அப்படித்தான் போகிறது. ஆனால் நீயும் சொல்.

எனக்கு வேறு யாரும் இல்லை ரென்சோ. இதை நான் சொல்லாமலே உனக்குத் தெரியும் என்று இத்தனை நாள் இருந்துவிட்டேன். இப்போது சொல்கிறேன். வண்டியில் ஏறு.

டெல்மிரா


மோரோன்,
செப்டம்பர் 30, 2006

அன்புத் தம்பி ரென்சோவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பால் ஒப்படைக்கும் சீட்டின் பின்பக்கத்தில் நாலு வரி எழுதியிருந்தாய். "மாத்திரை தின்கிறேன். இருமல் நின்றது. பதினோரு மாடு போனது. கோலோந்திரினாவும்." உனக்கு இது பெரிய காவியம்தான். ஃபெர்மினிடம் படித்துக் காட்டினேன். உங்க தம்பி தந்தி ஆபீஸ்ல வேலை பார்த்திருக்கணும் என்றார். அப்புறம் கடைசி வரியை மறுபடி படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, குழாய்களைக் கழுவப் போய்விட்டார்.

கோலோந்திரினாவுக்காக நான் அழுதேன். ஆய்வுக்கூடத்தில் மாட்டுக்காக அழுகிறவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அதன் கழுத்துக் கட்டியிலிருந்து எடுத்தது எங்களிடம்தான் வந்தது. கிருமியின் கைரேகை மாதிரி, படச்சுருளில் கறுப்புக் கட்டங்கள் வரிசையாக விழும், ஒவ்வொரு கிருமிக் குடும்பத்துக்கும் ஒரு வரிசை. உன்னுடையதையும் அதனுடையதையும் மேலும் கீழுமாக வைத்துப் பார்த்தேன். ஒரு கட்டம்கூட மாறவில்லை. அதனிடமிருந்து உனக்கு வந்ததா, உன்னிடமிருந்து அதற்குப் போனதா, இரண்டு பேருக்கும் வேறு யாரிடமிருந்தாவது வந்ததா என்று அந்தக் கட்டங்கள் சொல்லாது. நீயும் அதைத் தோண்டிக்கொண்டு உட்காராதே. மிச்சம் நாற்பத்தொன்பது மாடு நல்லபடியாக நிற்கிறதே. கோலோந்திரினாவின் கன்றுக்கு ஊசி வீங்கவில்லை என்று இல்டா சொன்னாள். அவள் பெயர் வைத்துவிட்டாளாம், நீ வாயைத் திறக்கிற மாதிரி இல்லை என்று.

இல்டா இன்னொன்றும் சொன்னாள். அதற்காகத்தான் இந்தக் கடிதம். நீ மாத்திரையை நிறுத்தப் போகிறாயாம். ஆறு கிலோ ஏறிட்டேன், இருமல் இல்லை, சர்க்கரையும் எறங்கிடுச்சு, இனி எதுக்கு இந்தக் கருமத்தை முழுங்கணும், மூத்திரம்கூட ஆரஞ்சு நிறத்துல போகுது என்றாயாம். மூன்று மாதத்தில் குணமாகிவிட்டதாக நீயே முடிவு செய்துவிட்டாய்.

உனக்கு ஒன்றைக் காட்ட வேண்டும் என்று ஆசையாக இருக்கிறது. அனுப்ப முடியாது, எழுதுகிறேன். மனக்கண்ணால் பார்.

என் மேசைமேல் நாற்பது கண்ணாடிக் குழாய்கள் இருக்கின்றன. மூடி இறுக்கமாக இருக்கும். உள்ளே கிருமி, கொஞ்சம் உணவு, ஒரு சொட்டு நீலச் சாயம். அடியில் நகத்துண்டு அளவு காந்தக் கம்பி ஒன்று மெல்லச் சுழன்றுகொண்டே இருக்கும். முதல் நாள் எல்லாக் குழாய்களும் நம் ஊர் மாலை வானம்போல நீலமாக இருக்கும். நாள் போகப் போக உள்ளே இருக்கும் காற்றைக் கிருமி குடித்துத் தீர்க்கிறது. காற்று குறையக் குறைய நீலம் வெளுக்கிறது. ஒருநாள் பார்த்தால் எல்லாம் நிறமே இல்லாமல் தண்ணீர் மாதிரி நிற்கும். அப்போது உள்ளே ஒரு மேஸ்திரி, முன்பு எழுதினேனே அவன் இல்லை, வேறொருவன், காற்று தீர்ந்ததை உணர்ந்து கட்டளை போடுகிறான். ஐம்பது விளக்குகள் எரிகின்றன, மற்றது பெரும்பாலும் அணைகிறது. கிருமி வளர்வதை நிறுத்திவிட்டுப் படுத்துக்கொள்கிறது. சாவதில்லை. அந்த நிலையில் மருந்து ஊற்றினால் அதற்குச் சரியாக உறைப்பதும் இல்லை, எழுந்து வேலை செய்கிறவனைத்தான் மருந்து சுலபமாகப் பிடிக்கும்.

நேற்று அப்படி ஒரு குழாயின் மூடியைத் திறந்தேன். மேலிருந்து கீழாக நீலம் இறங்கி வந்தது ரென்சோ. புகை மாதிரி, சத்தமில்லாமல், சுழன்று சுழன்று. அவ்வளவு அழகு. பார்த்துக்கொண்டே நின்றேன். அழகை ரசித்துக்கொண்டிருக்கும்போதே உன் ஞாபகம் வந்தது. இப்போது உன் நெஞ்சு அந்த வெளுத்த குழாய்தான். பார்த்தால் சுத்தமான தண்ணீர். நீ மாத்திரையை நிறுத்தினால் யாராவது ஒருநாள் மூடியைத் திறப்பார்கள். ஒரு குளிர்காலமோ, ஒரு காய்ச்சலோ, நீ திருட்டுத்தனமாக ஸ்பூனால் அள்ளித் தின்கிற பால் இனிப்போ போதும். அதுமட்டுமில்லை, பாதி மருந்து தின்று பிழைத்த கிருமி அந்த மருந்துக்குப் பழகியும் வரும். அப்புறம் என்னிடமும் டாக்டரிடமும் சொல்வதற்கு ஒன்றும் இருக்காது. தூங்குகிறவன் ஒவ்வொருவனும் எப்போதாவது புரண்டு படுப்பான், கண் விழிப்பான். அந்த நேரத்தில் மருந்து அங்கே இருக்க வேண்டும். அதற்காகத்தான் ஒன்பது மாதம்.

உன்னிடம் ஒன்றை மறைத்துவிட்டேன். எத்தனையோ வருடமாக ஆய்வுக்கூட வைத்தியர், உனக்குள்ள தூங்குறதை எழுப்பாம முடிச்சிரலாம், மாத்திரை எழுதித் தரட்டுமா என்று கேட்டுக்கொண்டே இருந்தார். நான் வீராப்பாக, அது பாட்டுக்குத் தூங்கட்டும், எனக்கும் அதுக்கும் நல்ல பழக்கம் என்று சொல்லித் தட்டிக்கழித்துவிட்டேன். உன்னைப் பிடிவாதக்காரன் என்கிறேனே, நம் இருவரையும் ஒரே மண்ணில்தான் பிசைந்திருக்கிறார்கள். ஜூலை 3 அன்று, நீ இல்டா வீட்டு வண்டியில் ஏறினாய் என்று அவள் போன் செய்த காலையில், நானும் முதல் மாத்திரையைப் போட்டேன். எனக்கு ஒரே வகை மாத்திரைதான், உன்னைப் போல ஒரு கை நிறைய இல்லை. ஆனால் எனக்கும் ஒன்பது மாதம்தான். காலைக் கறவை முடிந்ததும் ஏழு மணிக்கு நீ மாத்திரை போடுவாய் என்று இல்டா சொன்னாள். நானும் ஏழு மணிக்குத்தான் போடுகிறேன். ஜன்னலுக்கு மேலே அந்த மண்கூட்டில் இப்போது குஞ்சுகள் கத்துகின்றன. அந்தச் சத்தத்தில் தண்ணீரைக் குடித்துவிட்டு, இந்நேரம் அவனும் முழுங்கியிருப்பான் என்று நினைத்துக்கொள்கிறேன். கசக்கிறது. எனக்குக் குமட்டவும் செய்கிறது. நீ நிறுத்தினால் நானும் நிறுத்துவேன். இது மிரட்டல்தான், வேறு எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

ஒன்பது மாதம் ஒரே சூட்டில், பக்கத்தில் பக்கத்தில் கிடந்து காத்திருந்தவர்கள்தானே நாம். அப்போது ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. ஆனாலும் இருந்தோம், வந்தோம். இன்னொரு தடவை இரு. ஏப்ரல் 3 அன்று நம் இருவருக்கும் கடைசி மாத்திரை. ஏப்ரல் 8 ஈஸ்டர். நாள்காட்டியில் பார்த்து வட்டம் போட்டு வைத்துவிட்டேன்.

உங்கள் பக்கம் லபாச்சோ மரங்கள் ரோஜா நிறத்தில் பூத்திருக்கும். கொட்டகைக்குப் பக்கத்தில் இருப்பதும் பூத்ததா என்று எழுது. சீட்டின் பின்பக்கமே போதும். கோலோந்திரினாவின் கன்றை ஒருதடவை எனக்காகக் கழுத்தில் தடவிக்கொடு. இல்டாவுக்கும் அவள் கணவருக்கும் என் அன்பு. உன் உடம்பு தேறட்டும். கடவுள் உன்னைக் காலையும் மாலையும் இரண்டு கறவைக்கும் எழுப்பிக்கொண்டே இருக்கட்டும்.

ஈஸ்டருக்கு ரோஸ்காவோடு வருகிறேன். அந்த நாற்காலியைக் கதவோரத்திலிருந்து எடுத்து அடுப்புப் பக்கம் போடு. அம்மாவின் குவளையில் இலை போட்டு, ஆரஞ்சுத் தோல் கிள்ளிப் போட்டு, கசப்பான முதல் ஊற்றை நான் குடிப்பேன். அடுத்தது உனக்கு. வாங்கிக்கொள். சத்தம் வர உறிஞ்சிக் குடி. குடித்துவிட்டுக் குவளையை என்னிடம் திருப்பிக் கொடு.

ஒன்றும் சொல்லாதே.

உன் இருபது நிமிட அக்கா,
டெல்மிரா